சக்கரத்தில் சத்தம் வந்தால் முதலில் என்ன பார்க்கணும்?



இந்த மாதப் பாடத்தில் கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கம் இருந்தாலும் சரி, லாபு பக்கம் இருந்தாலும் சரி, பகாவ், ஜெராம் பாடாங் பக்கம் இருந்தாலும் சரி, தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்குக் கார் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரவே செம்பனைக்கு நடுவே ஒரு செம்மண் பாதையைத் தாண்டணும். பஸ் எப்போது வரும் என்று நம்பி உட்கார முடியாது. ஒரு லயத்தில் பத்து வீடு இருந்தால் நல்லா ஓடுற கார் மூணோ நாலோதான் இருக்கும். அந்த மூணு நாலு காரில்தான் பிரசவ வலி எடுத்த அக்காவும் போவாங்க, எஸ்பிஎம் பரீட்சைக்குப் பிள்ளைகளும் போவாங்க, சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு மாதா மாதம் மருந்து வாங்கப் போற தாத்தாவும் போவாரு. தைப்பூசத்துக்குப் பத்துமலை போறதும் அதே காரில்தான்.

அந்தக் காரின் சக்கரத்தில் ஒரு புதுச் சத்தம் கேட்டால் நம்மவர்கள் என்ன செய்கிறோம்? சிலர் ரேடியோவைக் கூட்டி வைக்கிறோம். சிலர் "பழைய கார்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். வேறு சிலர் நேராக வொர்க்ஷாப்புக்குப் போய், "போமன், சத்தம் வருது, பாருங்க" என்கிறோம். அவரும் பார்க்கிறார். எந்தச் சத்தம், எப்போது வருது, எந்தப் பக்கம் என்று நாம் சொல்லாததால், அவர் ஊகித்து ஒன்றை மாற்றுகிறார். சத்தம் போகவில்லை என்றால் இன்னொன்றை மாற்றுகிறார். ஒவ்வொரு ஊகத்துக்கும் காசு கொடுப்பது நாம்தான்.

சத்தம் என்பது சாட்சி மாதிரி. சரியான கேள்வியைச் சரியான வரிசையில் கேட்டால், எந்தப் பொருள் கெட்டது என்று அதுவே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காது, ஒரு சின்ன நோட்டு, கூட ஒரு ஆள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். இன்றைய பாடம் அந்தக் கேள்விகளைப் பற்றியதுதான்.

1. சக்கரமா, எஞ்சினா?

முதலில் இதைத் தீர்க்கணும். கார் நிற்கும்போது கியரை விடுவித்து எஞ்சினை லேசாக முறுக்கிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே அந்தச் சத்தம் வந்தால் அது சக்கரச் சத்தம் இல்லை. சக்கரம்தான் சுற்றவே இல்லையே.

ஓடும்போது மட்டும் வருகிறதா? மேனுவல் கார் என்றால் சமமான, ஆளில்லாத ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை நாலாவது கியரிலும், இன்னொருமுறை மூணாவது கியரிலும் போங்கள். வேகம் அதேதான். ஆனால் எஞ்சின் சுற்று மாறியிருக்கும். எஞ்சின் சுற்றோடு சத்தமும் மாறினால் அது எஞ்சின் பக்கத்துப் பிரச்சினை. கியர் மாறியும் சத்தம் அப்படியே இருந்து, காரின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் காரணம்.

ஒரு விதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கட்டும். சத்தத்தைக் கேட்பதும் குறித்துக்கொள்வதும் பக்கத்தில் இருப்பவர் வேலை. இந்தச் சோதனைகளைப் பகலில், காலியான நேரான ரோட்டில் மட்டும் செய்யணும். புக்கிட் பூத்துஸ் மாதிரி வளைவு ரோட்டிலோ நெடுஞ்சாலையிலோ வேண்டவே வேண்டாம்.

2. தவிலா, உறுமியா?

நம் திருவிழாவில் இரண்டையும் கேட்டிருக்கிறோம். தவிலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். உறுமியில் குச்சியால் இழுக்கும்போது ஒரே முழக்கமாக வரும். சக்கரச் சத்தத்தையும் முதலில் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். "டக் டக்" என்று தனித்தனியாக விழுகிறதா? "ஊ..." என்று இழுக்கிறதா?

ஏன் இப்படி இரண்டு விதம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைவி போன்ற சின்னக் கார்களில் வழக்கமாக வரும் ஒரு டயர் அளவு 175/65 ஆர்14. இதில் 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 1.83 மீட்டர். அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றினால் கார் 1.83 மீட்டர் நகரும்.

20 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு சுமார் 5.56 மீட்டர். 1.83 ஆல் வகுத்தால் வினாடிக்கு 3 சுற்று. அப்படியானால் 40-ல் 6 சுற்று, 60-ல் 9 சுற்று. ஞாபகம் வைத்துக்கொள்ள எளிது: 20-க்கு 3, 40-க்கு 6, 60-க்கு 9.

இப்போது டயர் காடியில் ஒரு கல் மாட்டியிருக்கிறது என்று வையுங்கள். சக்கரம் ஒருமுறை சுற்றினால் அது ஒருமுறை ரோட்டில் அடிக்கும். 20-ல் போகும்போது வினாடிக்கு மூணு "டக்". எண்ணிவிடலாம். எண்ணிக்கை மூணாக வந்தால், சக்கரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கோளாறு என்று அர்த்தம். கல்லாக இருக்கலாம், ஆணியாக இருக்கலாம், செம்பனை மட்டையின் முள்ளாக இருக்கலாம், டயரில் வீங்கிய ஒரு இடமாகவும் இருக்கலாம்.

பேரிங் கெட்டால் கதை வேறு. சக்கரத்தின் நடுவில், அச்சைச் சுற்றி, இரண்டு வளையங்களுக்கு இடையே எஃகுக் குண்டுகள் உருண்டுகொண்டிருக்கின்றன. இது புது யோசனை இல்லை. வண்டி அச்சுக்கான குண்டு பேரிங்குக்கு வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலதிபர் பிலிப் வாகன் 1794-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உள்வளையம் சக்கரத்தோடு சுற்றும். வெளிவளையம் அசையாது. நடுவில் உள்ள குண்டுகள் சக்கர வேகத்தில் ஏறத்தாழ 0.4 பங்கு வேகத்தில் சுற்றி வரும். ஒரு வரிசையில் 12 குண்டு என்று வைத்துக்கொண்டால், வெளிவளையத்தில் உள்ள ஒரு சின்னப் பள்ளத்தைச் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் 4.8 குண்டு கடந்து போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 9 சுற்று. அப்படியானால் வினாடிக்கு 43 அடி. வினாடிக்கு சுமார் 20 அடிக்கு மேல் போனால் நம் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது, ஒரே முழக்கமாகத்தான் கேட்கும். அதனால்தான் கல் தவில் மாதிரி கேட்கிறது, பேரிங் உறுமி மாதிரி கேட்கிறது.

3. எப்போது மாறுகிறது?

சத்தத்தின் வகை தெரிந்துவிட்டது. அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

ரோட்டை மாற்றுங்கள். சொரசொரப்பான பழைய தாரிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு வந்ததும் "ஊ" சத்தம் குறைந்தாலோ குரல் மாறினாலோ அது டயர்ச் சத்தம். மாறவே இல்லை என்றால் பேரிங் மீது சந்தேகம் கூடுகிறது. காரை நிறுத்தி, டயர் மேல் உள்ளங்கையை மெதுவாகத் தடவிப் பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். ரம்பப் பல் மாதிரி மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் டயர் சீராகத் தேயவில்லை. அப்சோர்பர் போயிருக்கலாம், அல்லது அலைன்மென்ட் சரியில்லாமல் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே மாதிரி தேயும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அந்த டயர் சட்டப்படியே ரோட்டில் இருக்கக் கூடாது.

திருப்பத்தை மாற்றுங்கள். வலப்பக்கம் வளையும்போது காரின் எடை இடப்பக்கச் சக்கரங்கள் மேல் சாயும். இடப்பக்கம் வளையும்போது வலப்பக்கம் சாயும். பேரிங்கில் எடை கூடினால் சத்தமும் பெரும்பாலும் கூடும். ஆகவே வலது வளைவில் முழக்கம் பெரிதானால் இடப்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். இதற்காகக் காரை நெளித்து ஓட்டவேண்டாம். வழக்கமாகப் போகும் ரோட்டில் உள்ள நீளமான வளைவே போதும்.

திருப்பத்தில் இன்னொரு சத்தமும் உண்டு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, எண்ணெய் கொடுத்து நகர்த்தும்போது "டிக் டிக் டிக்" என்று வரும். நேராகப் போனால் வராது. அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க ஜாய்ன்ட். குனிந்து பார்த்தால் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மடிப்பு ரப்பர் உறை தெரியும். அது கிழிந்து, ரிம்மின் உட்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ் தெளித்திருந்தால் சந்தேகம் உறுதி. செம்மண் பாதையில் ஓடும் காருக்கு இந்த உறை முக்கியம். கிழிந்த உறை வழியாக மணல் உள்ளே போனால் ஜாய்ன்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும். உறை கிழிந்த உடனே கண்டுபிடித்தால் உறையும் கிரீஸும் மட்டும் செலவு. விட்டுவிட்டால் ஷாஃப்ட்டே செலவு.

பிரேக்கை மாற்றுங்கள். ஓடும்போது "கீச்" என்று கேட்டு, பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றால், பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. பல கார்களில் பேடில் ஒரு சின்னத் தகர நாக்கு வைத்திருப்பார்கள். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். கத்துவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். அதையும் கேட்காமல் விட்டால், அடுத்து பிரேக் மிதிக்கும்போது "கர கர" என்று இரும்பில் இரும்பு உரசும். அப்போது டிஸ்க்கும் சேர்ந்து போய்விடும்.

மேட்டைப் பாருங்கள். ஸ்பீட் பிரேக்கரிலும் குழியிலும் மட்டும் "டொக்" என்று வந்து, சமமான ரோட்டில் ஒன்றுமே இல்லை என்றால், அது சுற்றும் பொருளின் சத்தம் இல்லை. தொங்கும் பொருளின் சத்தம்: அப்சோர்பர் மவுன்டிங், லிங்க் ராட், பால் ஜாய்ன்ட், லோவர் ஆர்ம் புஷ். இவற்றில் பால் ஜாய்ன்ட் கழன்றால் சக்கரமே மடங்கிக்கொள்ளும். ஆகவே இதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

தோட்டத்துக்காரர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு சத்தம் தனியாக இருக்கிறது. செம்மண் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறியதும் திடீரென்று "கிறீஈச்" என்று தகரம் கீறுகிற மாதிரி ஒரு பயங்கரச் சத்தம். டிஸ்க்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகர மறைப்பு இருக்கும். அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு சரளைக்கல் புகுந்திருக்கும். பாதுகாப்பான இடத்தில் மெதுவாகக் கொஞ்சம் பின்னால் எடுத்து, மறுபடியும் முன்னால் எடுத்தால் பல நேரம் கல் தானாக விழுந்துவிடும். இதற்குப் பயந்து பிரேக்கையே மாற்றியவர்களும் உண்டு.

எந்தப் பக்கம் என்று காது குழம்பினால் ஒரு வழி. கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு நீளமான சுவரை ஒட்டி மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். பிறகு திரும்பி வந்து மறுபக்கத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துப் போங்கள். எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம்தான்.

4. ஒரு உண்மைக் கணக்கு

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர். வயது அறுபதுக்கு மேல், காரும் பழையது. அதே லயத்தில் உள்ள ஒரு பாட்டியை வாரம் மூணு தடவை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போவது அவர்தான். காரில் 50-க்கு மேல் போனால் "ஊ" என்று ஒரு முழக்கம். ஒரு வொர்க்ஷாப்பில் காட்டினார். முன் டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே முழக்கம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மேலே சொன்ன வரிசையிலேயே நாங்கள் பார்த்தோம். அவர் ஓட்ட, நான் குறித்துக்கொண்டேன். மூணாவது கியர், நாலாவது கியர்: சத்தம் ஒன்றுதான். ஆகவே எஞ்சின் இல்லை. பழைய தார், புதுத் தார்: மாற்றம் இல்லை. ஆகவே டயர் இல்லை. பிரேக் மிதித்தும் மாற்றம் இல்லை. நீண்ட வலது வளைவில் முழக்கம் பெரிதானது. இடது வளைவில் ஏறக்குறைய அடங்கிவிட்டது. ஆகவே இடப்பக்கம். முன்னா பின்னா என்பது மட்டும் பாக்கி. ஜேக் போட்டுச் சுற்றிப் பார்த்தபோது இடது முன்சக்கரத்தில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு. மற்ற மூணும் வழவழ.

மறுநாள் மாமா வேறொரு போமனிடம் போய் அந்தச் சின்னத் தாளைக் கொடுத்தார். அவர் படித்துவிட்டு அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றினார். பேரிங்தான். மாற்றியதும் முழக்கம் போய்விட்டது. டயருக்குக் கொடுத்த காசு திரும்பி வராது. ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை பாட்டி வழக்கம்போல நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

5. ஜேக் போட்டுப் பார்ப்பது

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். கூட ஒரு பெரியவர் இருக்கட்டும்.

காரைச் சமமான, கெட்டியான இடத்தில் நிறுத்துங்கள். மழை பெய்த செம்மண்ணில் ஜேக் போட்டால் அது மண்ணுக்குள் இறங்கிக் கார் சாயும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் ஜேக்குக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது காரைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையோ கல்லோ கொடுக்கணும். தூக்கியதும் ஸ்டாண்ட் வையுங்கள். அதோடு காரின் ஓரத்துக்குக் கீழே ஸ்பேர் டயரையும் படுக்கவைத்துவிட்டால், ஏதாவது நழுவினாலும் கார் தரையில் இறங்காது. ஜேக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது. கை கூட உள்ளே நீட்டக் கூடாது.

இப்போது சக்கரத்தின் மேலும் கீழும், கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடங்களில், பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், கூட இருப்பவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாய்ன்ட் பக்கம் பாருங்கள். முன்சக்கரத்தை 9-ம் 3-ம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் கடகடத்தால் அது ஸ்டியரிங் கம்பியின் முனை.

கடைசியாக, ஒரு கையின் விரல்நுனியைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்து, மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்ட பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காதது கூட விரலுக்குத் தெரியும். சக்கரத்தைக் கையால் மட்டும்தான் சுற்றணும். எஞ்சினைப் போட்டுச் சுற்றவிடவே கூடாது.

6. உடனே நிறுத்த வேண்டியவை

சில சத்தங்களுக்கு நோட்டு எடுத்துக் குறிக்க நேரம் கிடையாது.

டயர் மாற்றி ஒன்றிரண்டு நாளில் "டொக் டொக்" என்று வந்து ஸ்டியரிங்கும் நடுங்கினால், நட்டு தளர்ந்திருக்கிறது. ஓரமாக நிறுத்தி, எல்லா நட்டையும் எதிரெதிராக, ஒன்று விட்டு ஒன்று முறுக்குங்கள். பல சின்னக் கார்களுக்கு முறுக்கு அளவு சுமார் 100 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். டயர் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை சரிபார்ப்பது நல்ல பழக்கம். திருவள்ளுவர் வினைத்திட்பம் அதிகாரத்தில், உருவத்தைப் பார்த்து யாரையும் குறைவாக நினைக்கக் கூடாது என்று சொல்ல, பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியைத்தான் உவமையாக எடுத்தார். நம் காருக்கு அந்த அச்சாணி இந்த நாலு நட்டுதான்.

டயரின் பக்கச்சுவரில் முட்டை மாதிரி வீக்கம் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பேர் டயரைப் போடுங்கள். பிரேக் மிதிக்கும்போது இரும்பு உரசும் சத்தம் வந்தாலும், சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடினாலும், ஓடி வந்தபின் ஒரு ரிம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தாலும், அந்தக் கார் வொர்க்ஷாப்புக்குத்தான் போகணும், அதுவும் இழுத்துக்கொண்டு. சூட்டைப் பார்க்கக் கையைக் கிட்டே கொண்டுபோனால் போதும். தொட்டால் சுட்டுவிடும்.

7. மாற்றியாச்சு, ஏன் கெட்டது?

சுவீடனில் கோத்தன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற இளம் பொறியியலாளர் இருந்தார். ஆலை நின்ற நிலம் களிமண். நிலம் அமிழ அமிழ, நீளமான ஷாஃப்ட்டுகள் கோணிக்கொண்டன. பேரிங்குகள் கெட்டுக்கொண்டே இருந்தன. கெட்டதை மாற்றுவதோடு அவர் நிற்கவில்லை, ஏன் கெடுகிறது என்று கேட்டார். ஷாஃப்ட் கோணினாலும் தானாகவே சரிந்து கொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். எஸ்.கே.எஃப். நிறுவனம் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

நாம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். நம் பக்கம் பேரிங் கெடுவதற்கு முக்கியமாக மூணு காரணம். முதலாவது, குழி. வேகமாகக் குழியில் இறங்கினால் குண்டு வளையத்தில் அழுந்தித் தடம் போடும். அந்தத் தடம்தான் பின்னால் முழக்கமாகிறது. இரண்டாவது, தண்ணீர். ஓடிச் சூடான பேரிங் வெள்ளத்தில் இறங்கித் திடீரென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, துரு பிடிக்கும். மூணாவது, சுத்தியல். பேரிங்கைப் பிரஸ் வைத்து அழுத்தி ஏற்றணும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அடி குண்டு வழியாக வளையத்தில் இறங்கி, புதுப் பேரிங்கிலேயே தடம் விழுந்துவிடும். "பிரஸ் இருக்குங்களா அண்ணே?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை.

8. தாளில் எழுதிக் கொடுங்கள்

போமனிடம் போகும் முன் ஆறு வரி எழுதுங்கள். எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன நடந்தது (டயர் மாற்றியது, குழி, வெள்ளம்)? தவிலா, உறுமியா? எந்த வேகத்தில்? எந்தத் திருப்பத்தில் கூடுகிறது? பிரேக்கில் மாறுகிறதா? ரோடு மாறினால் மாறுகிறதா? நல்ல போமன் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். அவருக்கும் நேரம் மிச்சம். ஆனால் "பேரிங்கை மாத்துங்க" என்று நாமே தீர்ப்புச் சொல்லவேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். கழற்றிப் பார்த்து முடிவு சொல்லும் வேலை அவருடையது. மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதுவும் ஒரு பாடம்.

கூட்டத்தில் செய்து பார்க்க

கீழே உள்ள மூன்றையும் விடையை மறைத்துக்கொண்டு குழுவாகப் பேசுங்கள்.

அ) புதுத் தாரில் போகும்போது முழக்கம் குறைகிறது, பழைய தாரில் கூடுகிறது. வளைவில் மாற்றம் இல்லை. டயரைத் தடவினால் மேடு பள்ளம்.

ஆ) 20 கிலோமீட்டரில் வினாடிக்கு மூணு "டக்". 40-ல் ஆறு. ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை.

இ) கோயில் திடலில் காரை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் "டிக் டிக்". ரிம்மின் உட்பக்கம் கருப்பாகப் பிசுபிசுக்கிறது.

விடை: அ) டயர் சீரற்ற தேய்மானம். அப்சோர்பரையும் அலைன்மென்ட்டையும் பார்த்த பிறகே புது டயர். ஆ) டயரில் ஒரே இடத்தில் ஏதோ மாட்டியிருக்கிறது. முதலில் கல், ஆணி, முள் தேடுங்கள். பக்கச்சுவரில் வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆணியோ முள்ளோ ஆழமாக இறங்கியிருந்தால் நடு வழியில் பிடுங்காதீர்கள், காற்று இறங்கிவிடும். டயர் கடையில் எடுக்கட்டும். இ) டிரைவ் ஷாஃப்ட் ஜாய்ன்ட், ரப்பர் உறை கிழிந்துவிட்டது.

ஆயுத பூசையன்று எப்படியும் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கத்தான் போகிறோம். இந்த வருடம் நம் ஒவ்வொரு தோட்டக் கிளையும் ஒரு நாள் முன்னதாகவே கூடட்டும். லயத்தில் உள்ள கார்களை வரிசையாக நிறுத்தி, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு, நாலு டயரின் பூவையும் பக்கச்சுவரையும் நட்டையும் ரப்பர் உறையையும் பார்த்துக் குறித்துக் கொடுக்கலாம். ஒரு காருக்குப் பத்து நிமிடம் போதும். சந்தேகம் உள்ள காரை மட்டும் வொர்க்ஷாப்புக்கு அனுப்புவோம். மறுநாள் அந்த எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறும் சக்கரம் நாம் பார்த்துச் சரி என்று சொன்ன சக்கரமாக இருக்கட்டும்.